நாற்பது சொல், ஒரு கசற்

சீதனம் வேண்டாம் என்று சொல்லும் மாப்பிள்ளையைக் கண்டால் எனக்கு முதலில் வருவது சந்தேகம். அப்ப என்னதான் வேணுமாம் என்று கேட்டுவிட வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் சூரிச் ஓர்லிகோனில் இருந்த ஒரு குடும்பம் அதைக் கேட்டது. நோர்வேயில் இருந்த மாப்பிள்ளையிடமிருந்து பதிலும் வந்தது: “சீதனம் ஒண்டும் வேண்டாம். பொம்பிளைக்கு இந்த நோர்வேப் பாசை தெரிஞ்சால் போதும்.” கேள்விப்பட்ட சனமெல்லாம் மூக்கில் விரலை வைத்தது. எவ்வளவு பெருந்தன்மை, எவ்வளவு முற்போக்கு! அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதில் நான் செய்த வேலையை நினைத்தால் இன்னும் மோசம்.

பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. தாய் தகப்பன் ஊரில். இவள் ஓர்லிகோனில் தாய்மாமன் வீட்டில் இருந்துகொண்டு ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தாள். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. மாமன் ஒரு றெஸ்ரோரண்ட் குசினியில் வேலை. ஒருநாள் பின்னேரம் அவர் வில் நகரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தார்.

“தங்கச்சி, நீர் கலியாணத்துக்கு முதல் நோர்வேயில இருந்தனீர் எல்லோ?”

“ஓம் அண்ணை, மூண்டு வரியம்.”

“அப்ப எங்கட பிள்ளைக்கு நாலைஞ்சு ஞாயிறு வந்து அந்தப் பாசையைக் கொஞ்சம் தீத்திவிடுமன்.”

குழந்தைக்குச் சோறு தீத்துவதுபோல மொழியையும் தீத்திவிடலாம் என்பது அவருடைய எண்ணம். ஓம் என்று சொல்லிவிட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

நான் அந்த மொழியைக் கற்ற இடம் பள்ளிக்கூடமென்று சொல்வதற்கில்லை. படிக்கவென்று வட நோர்வேக்குப் போனேன். படித்தது ஒரு வருடம், மிச்ச இரண்டு வருடமும் மீன் தொழிற்சாலை. கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் மீன்சதையைப் பரப்பி, வெளிச்சத்தில் சுருண்டு தெரியும் புழுக்களைக் குறட்டால் பிடுங்குகிற வேலை. நாளுக்கு எட்டு மணித்தியாலம் புழு. பக்கத்தில் நின்ற நோர்வேப் பெண்களிடம் நான் ஏதாவது சொன்னால் விளங்காது. சொல் சரியாகத்தான் இருக்கும், ஆனால் விளங்காது. பிறகு விளங்கி, விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

சங்கதி இதுதான். அந்த மொழிக்காரருக்கு இரண்டு சொல்லைக் கண்டால் ஒட்டிப்போட வேண்டும். நோயாளியையும் வீட்டையும் ஒட்டினால் ஆஸ்பத்திரி, சீக்கெஹூஸ். தூசியையும் உறிஞ்சியையும் ஒட்டினால் தரை துப்புரவாக்கும் மெஷின், ஸ்தொவ்ஸூகர். பிள்ளைகளையும் தோட்டத்தையும் ஒட்டி நடுவில் ஒரு எகரத்தைச் செருகினால் பாலர் பாடசாலை, பார்னெஹாகெ. இதிலென்ன புதினம், நாங்களும் புளிக்கும் கொட்டைக்கும் நடுவில் ஒரு ‘அம்’மைச் செருகிப் புளியங்கொட்டை என்கிறவர்கள்தானே. ஆனால் நாங்கள் எல்லா எழுத்துக்கும் ஒரே கூலி கொடுக்கிறவர்கள். அவர்கள் அப்படியில்லை. ஒட்டிய சொல்லில் முன்னால் நிற்பவனுக்கே முழு அழுத்தம். பின்னால் வருகிறவனுக்கு அரைவாசி. நடுவில் ஒட்டுக்கு வந்தவனுக்கு ஒன்றுமில்லை. அந்த அழுத்தத்தை இடம் மாற்றி வைத்தால் அவர்கள் காதில் அது ஒரு சொல்லாக விழாது, இரண்டு துண்டாக விழும்.

சிரித்துச் சிரித்து என்னை அவமானப்படுத்தியதில் எனக்கு ரோசம் வந்துவிட்டது. புழு பிடுங்கிக்கொண்டே குறட்டின் பிடியால் மேசை விளிம்பில் தட்டிப் பழகினேன். முதல் துண்டுக்கு ஓங்கி ஒரு தட்டு, அடுத்ததற்கு மெல்ல ஒரு தட்டு. மூன்று வருட முடிவில் போனில் என்னோடு கதைத்தவர்கள் என்னை நோர்வேக்காரி என்றே நினைத்தார்கள். பிறகு கலியாணம் முடித்து வில்லுக்கு வந்தேன். ஒரு சலவைத் தொழிற்சாலையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்தேன். அங்கே டொச், அதாவது ஜெர்மன் மொழி, வேண்டும். என்னுடைய நோர்வேப் பாசையை நாய்கூட மோந்து பார்க்கவில்லை. ஆகவே ஒருவர் போன் எடுத்து அது தேவை என்றதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததற்கு இதுதான் காரணம்.

முதல் ஞாயிறு என் பழைய நோர்வேப் பாடப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். வின்ரத்தூரில் மாறி, ஓர்லிகோனில் இறங்கி, மூன்றாம் மாடி ஏறினால் மாமனும் மாமியும் வாசலிலேயே நிற்கிறார்கள். தேத்தண்ணி வந்தது, பலகாரம் வந்தது, பிறகு ஒரு கடிதம் வந்தது. மாப்பிள்ளை எழுதியது. அதில் இலக்கம் போட்டு நாற்பது சொற்கள். பெண் இவற்றைத் தன் குரலில் வாசித்து ஒரு கசற்றில் பதிந்து அனுப்ப வேண்டுமாம். நல்லாயிருந்தால் மேற்கொண்டு கதைக்கலாமாம். அங்கே வந்திறங்கும் பெண்கள் கோழி கொக்கரிப்பதுபோல் கதைத்து, தன் சிநேகிதர்களுக்கு மானக்கேடாய்ப் போகிறதாம். அந்த மானக்கேடு தனக்கு வேண்டாமாம்.

நான் சொற்களை வாசித்தேன். வாஸ்கெக்லூத், பாத்திரம் துடைக்கும் துணி. ஸ்த்ரீக்கெயேர்ன், ஸ்திரிக்கைப் பெட்டி. ஸொப்பல்பொத்தெ, குப்பை வாளி. ஸ்தொவ்ஸூகர். ஒப்வஸ்க்மஷீன், கோப்பை கழுவும் மெஷின். ஸ்விகர்மூர், மாமியார். ஹூஸ்மூர், வீட்டுக்காரி. நாற்பதும் இதே ரகம். ஒரு புத்தக அலுமாரி இல்லை. ஒரு ரயில் நிலையம் இல்லை. பெண் அந்த வீட்டை விட்டு வெளியே கால் வைக்கத் தேவையான ஒரு சொல் அந்த நாற்பதில் இல்லை. தூ! புழுமேசையில் எனக்கு வராத அருவருப்பு அந்த ஒற்றைத் தாளில் வந்தது. சீதனம் கேட்கிறவன் சாமானைக் கேட்பான். இவன் சாமானின் பெயர் சொல்லும் வேலைக்காரியைக் கேட்கிறான்.

“அண்ணை, இது என்ன, கலியாணமோ, குசினி வேலைக்கு ஆள் எடுக்கினமோ?” என்று கேட்டேன்.

மாமன் சிரித்தார். “நீர் எப்பவும் பகிடிதான். பெடியன் நல்ல பெடியன். குடி, சிகரெட் ஒண்டுமில்லை.”

அப்போதே எழுந்து ரயில் ஏறியிருக்க வேண்டும். எழும்பவில்லை. கரண்டியை எடுத்து மேசையில் தட்டிப் பாடத்தைத் தொடங்கினேன்.

பெண் எனக்கு எதிரே கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மெலிந்த முகம், கூர்மையான கண். மாமி பக்கத்தில் கதிரையைப் போட்டுப் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். எல்லா ஞாயிறும் அவர் அங்கேதான், எங்களைத் தனியே விட்டதே இல்லை. நான் தட்டி ஒரு சொல்லைச் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். முன்னால் வைக்க வேண்டிய அழுத்தத்தைக் கொண்டுபோய்ப் பின்னால் வைத்தாள். இன்னொருக்கால் தட்டினேன். மறுபடியும் பின்னால்.

மூன்று ஞாயிறு போனது. கரண்டியால் தட்டித் தட்டி எனக்குக் கை உளைந்தது. நாற்பது சொல்லில் நாற்பதும் பிழை. குருட்டுவாக்கில் ஒன்றாவது சரியாக விழ வேண்டாமா? விழவில்லை.

“பிள்ளை, உமக்குக் காதில என்ன பஞ்சோ?” என்று ஒருநாள் கத்திவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமி பயற்றங்காயை வைத்துவிட்டு, “இவளுக்கு மண்டையில ஒண்டும் ஏறாது, இஞ்சை வேலையும் அப்பிடித்தான்” என்றார்.

அன்றைக்கே நடுவில் போன் அடித்தது. முதியோர் இல்லத்திலிருந்து. பெண் எழுந்துபோய்ப் பேசினாள். சுவிஸ் டொச்சில், தடக்கமே இல்லாமல். அதுவும் ஒட்டுச் சொல் மொழிதான், அழுத்தம் முன்னால் விழுகிற மொழிதான். பராமரிப்பு உதவியாளர் வகுப்பைப் பற்றி ஏதோ கதை. விண்ணப்பப் படிவத்துக்கு டொச்சில் முழ நீளச் சொல் ஒன்று உண்டு, அன்மெல்டெஃபொர்முலார். அதை அவள் அள்ளி எறிந்தமாதிரி, முதல் துண்டில் அழுத்தம் கச்சிதமாக விழச் சொன்னாள். நான் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல டொச் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். என்னுடைய அறிவை என்னவென்று சொல்ல!

“என்னவாம்?” என்று மாமி கேட்டார்.

“அந்த வகுப்புக்கு என்னைச் சேர்க்கலாமாம் மாமி. படிவம் நிரப்பித் தரட்டாம். முடிச்சால் துடைக்கிற வேலை இல்லை, ஆக்களைப் பாக்கிற வேலை.”

மாமன் உள்ளே இருந்து குரல் கொடுத்தார். “படிப்பு எங்கையும் ஓடிப்போகாது. மாப்பிள்ளைதான் ஓடிப்போவான்.”

பெண் திரும்பி வந்து என் எதிரே இருந்து, ‘குப்பை வாளி’யைப் பிழையாக வாசித்தாள்.

அடுத்த ஞாயிறு, நான் புறப்படும்போது, குப்பைப் பையைக் கீழே வைக்கிற சாட்டில் அவள் என்னோடு படியிறங்கினாள். வாசல் கதவடியில் நின்று மெல்லக் கேட்டாள்.

“அக்கா, நான் சரியா வாசிக்காட்டி, அவர் என்னை வேண்டாமெண்டு சொல்லிடுவாரோ?”

பாவம், பயந்துபோனாள் என்று நினைத்தேன். தோளில் தட்டினேன். “விசர்க்கதை கதையாதையும். அதெல்லாம் சொல்ல மாட்டார். நான் இருக்கிறன், உம்மைக் கரை சேர்க்காமல் விட மாட்டன்.” அவள் வாயைத் திறந்தாள். நானோ அதற்குள் என் நோர்வே வீரப்பிரதாபத்தைத் தொடங்கிவிட்டேன்: என்னையும்தான் சிரித்தார்கள், நானும்தான் அழுதேன், பிறகு பார், எப்படி வந்தேன். ரயிலுக்கு நேரமாகும்வரை கதைத்தேன். என் வாயை ஒரு நிமிடம் மூடியிருந்தால் அவள் தன் அடுத்த வசனத்தைச் சொல்லியிருப்பாள். அவள் பையை வைத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

நோர்வேயிலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. கசற் எங்கே, வேறு இரண்டு இடத்திலும் கேட்கிறார்கள் என்று. அந்த ஞாயிறு மாமன் றேடியோ கசற் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பதிவு பொத்தானை அழுத்தினார். பெண் வாசித்தாள். கேட்டுப் பார்த்தோம். கோழிகூட அதைவிட ஒழுங்காகக் கொக்கரிக்கும். மறுபடி பதிந்தோம். அதைவிட மோசம். நாலாம் தரம் மாமன் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

“தங்கச்சி, நீர் வாசியும்.”

“நானோ?”

“ஆர் குரல் எண்டு அவனுக்கென்ன தெரியும்? கலியாணத்துக்கு முதல் போனில கதைக்கிறது எங்கட பழக்கமில்லை எண்டு நான் சொல்லிப்போட்டன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம். இது ஒரு பொய்தானே.”

பெண் சட்டென்று நிமிர்ந்தாள். “வேண்டாம் அக்கா. ஏமாத்த வேண்டாம். வராட்டி வரேல்லை எண்டு அனுப்புவம்.”

“நீ சும்மா இரு!” என்றார் மாமி. “உன்ர விசா என்னாகுமெண்டு ஆருக்குத் தெரியும்? நாளைக்குத் திருப்பி அனுப்பினால் ஆர் பொறுப்பு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளுடைய நன்மைக்காகச் செய்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லி வந்தேன். பச்சைப் பொய். வாஸ்கெக்லூத் என்று முதல் சொல்லை வாசித்தவுடனேயே எனக்குள் ஒரு இனிப்பு. எத்தனை வருடத்துக்குப் பிறகு! ஒவ்வொரு சொல்லையும் முன்னால் அழுத்தி, பின்னால் இறக்கி, நடு எழுத்தைத் தொட்டும் தொடாமலும் நழுவவிட்டு வாசித்தேன். கரண்டிகூடத் தேவைப்படவில்லை. நாற்பதும் ஒரே மூச்சில், ஒரு பிழையில்லை. முடிந்ததும் மாமன் கை தட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை, பெருமையாக இருந்தது. பெண் எழுந்து குசினிக்குள் போனாள். தண்ணீர் திறந்துவிடும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

பதில் உடனே வந்தது. மாப்பிள்ளைக்குப் பரம திருப்தி. ‘இஞ்சை பிறந்த பிள்ளை மாதிரி வாசிக்கிறா’ என்று எழுதியிருந்தான். மாமன் அதைப் போனில் எனக்கு வாசித்துக் காட்டினார். இன்னொருக்கால் வாசியுங்கோ அண்ணை என்று நான் கேட்டேன். இதை நினைக்கும்போதுதான் எனக்கு என்னைக் காணப் பிடிப்பதில்லை.

பாடம் நின்றது. சோதனைதான் பாஸாகிவிட்டதே. வகுப்புக்கான இடம் முதியோர் இல்லத்தில் வேறு ஒரு பெண்ணுக்குப் போனது. மாப்பிள்ளை வந்து, சூரிச்சில் ஒரு மண்டபத்தில் தாலி கட்டினான்.

கலியாணத்தன்று காலையில் மாமி என்னை ஒரு மூலைக்கு இழுத்துப்போய், என் கழுத்தில் ஒரு கம்பளிச் சால்வையைச் சுற்றினார். “உமக்குத் தொண்டை கட்டிப்போச்சு. விளங்குதோ? அவருக்கு முன்னால வாயைத் திறந்திடாதையும். பிள்ளையின்ர குரல் கசற்றில மாறிக் கேட்டது எண்டு சமாளிக்கலாம், உம்மட குரலைக் கேட்டால் பிடிச்சிடுவார்.” பட்டுச் சேலை, அதற்குமேல் கம்பளிச் சால்வை. விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை நான் வாய் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படியொரு நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மாப்பிள்ளை என்னைத் தேடி வந்து கைகுலுக்கினான். “உங்களுக்குத்தான் முதல் நன்றி, ரீச்சர். என்ன மாதிரிப் படிப்பிச்சிருக்கிறியள்!” நான் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினேன். மணவறையிலிருந்து பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சால்வைக்குள் எனக்குக் கழுத்து வியர்த்து ஊறியது. சோற்றைப் பாதியில் விட்டு, கையலம்பிவிட்டு எழுந்துவிட்டேன்.

அவன் முதலில் போனான். அவளுக்குக் கடதாசிகள் வரச் சில மாதமாயிற்று. வந்ததும் குளோட்டன் விமான நிலையத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். மாமன், மாமி, நான், இன்னும் இரண்டு குடும்பம். அழுகையும் அணைப்பும் படமெடுப்பும். அவள் தடித்த பனி ஜாக்கெற்றில் ஒடுங்கிப்போய் நின்றாள். கடைசியாக என்னிடம் வந்து, தோள்பையிலிருந்து என் பழைய பாடப் புத்தகத்தை எடுத்துத் தந்தாள். பாடம் நடந்த நாட்களில் அதை அவளிடம் விட்டுவந்ததை நான் மறந்தே போயிருந்தேன். பக்கங்களெல்லாம் ஓரம் மடிந்து, பென்சிலால் கோடு இழுத்து, கடைசிப் பாடம்வரைக்கும் புரட்டித் தேய்ந்திருந்தது.

பிறகு அவள் பேசினாள். நோர்வேப் பாசையில். சத்தமாக, நிதானமாக, சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கத்தக்கதாக. அங்கே அது விளங்கக்கூடிய ஒரே ஆள் நான்.

“நான் வேண்டுமென்றுதான் பிழையாக வாசித்தேன். நாற்பதையும் பிழையாக வாசிக்க நாற்பதும் தெரிந்திருக்க வேண்டும், அக்கா. அவனை வேண்டாமென்று சொல்ல வைக்க எனக்கு வேறு வழி இருக்கவில்லை. நீங்கள் வாசித்துவிட்டீர்கள்.”

ஒரு எழுத்து பிசகவில்லை. என்னைவிட நன்றாகப் பேசினாள்.

சுற்றி நின்ற சனம் கை தட்டியது. “அம்மாடி, என்ன வடிவாக் கதைக்கிறாள்!” என்றாள் ஒருத்தி. மாமனுக்குக் கண் கலங்கிவிட்டது. “ரீச்சர் எண்டால் இவதான்” என்று என் முதுகில் தட்டினார். அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு சோதனை வாசலுக்குள் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

மாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். “என்ன சொல்லிப்போட்டுப் போறாள், எங்களுக்கும் சொல்லுமன்.”

எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு என் கழுத்தில் சால்வை இல்லை, தொண்டையும் நன்றாகத்தான் இருந்தது.

“நன்றி சொன்னவள்” என்றேன்.